மல்லிகா அக்காவின் ஞாயிற்றுக்கிழமை பிரேயர் கிளாஸ்

மல்லிகா அக்கா போய்விட்டார். பழைய பேக்கிங் செக்‌ஷன் வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் பார்த்தேன். போட்டோகூட இல்லை... பெயரும், நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்பதும் மட்டும்தான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் ஒரே லைனில் நின்று பெட்டி ஒட்டினோம்.

வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அன்றைக்கும் புதுவாயலில் தன் வீட்டு மொட்டைமாடியில் பிள்ளைகளைச் சேர்த்து பிரேயர் கிளாஸ் நடத்துவார். சாமிப் பாட்டு, ஒரு கதை, கடைசியில் சுண்டல். என் மகளும் போனாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

மினி என்று ஓர் ஒடிசா குழந்தையும் வரும். அப்பாவுக்கு இரும்பு ஃபேக்டரியில் வேலை. தமிழ் அரைகுறை, ஆனால் பாட்டை மட்டும் தப்பில்லாமல் பாடும்.

ஒரு ஞாயிறு, மினி பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாள் என் மகள். "அவகிட்ட நாத்தம் அடிக்குது." மற்ற பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே நகர்ந்திருக்கிறார்கள்.

அந்தக் குழந்தை தன் சட்டையை மோந்து பார்த்ததாம்...

அக்கா பாட்டை நிறுத்திவிட்டார். "இப்டி ஒதுங்கி உக்காந்துகினு பாடுனா சாமிக்குக் கேக்காது. எல்லாம் ஊட்டுக்குப் போங்க."

மறுநாள் லைனிலேயே சண்டைக்குப் போனேன். "இன்னாக்கா நெனச்சிக்கினு கீற? எம் பொண்ண அத்தினி பேரு முன்னாடி தொரத்தி வுட்டுக்கீற!"

அவர் டேப்பை இழுத்து ஒட்டிக்கொண்டே சொன்னார். "உம் பொண்ணு அயுதுன்னு நீ வந்துட்ட. அந்தக் கொயந்தைக்கு யாரு வருவா?"

அதைக் கேட்டதும் என் கோபம் இன்னும் அதிகமானது.

மகளை கிளாஸிலிருந்து நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம்... மற்ற அம்மாக்களிடமும் போய், "அங்க கண்ட கொயந்தைங்களோட உக்கார வெக்கிறாங்க" என்றேன். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் மினி ஒருத்திதான். மினி குடும்பமும் ஊருக்குப் போன பிறகு யாருமே இல்லை.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டேப் தீர்ந்தால் "இந்தா" என்று நீட்டுவார். அவ்வளவுதான் பேச்சு.

கிட்னி போய்விட்டது என்று போன வருஷமே கேள்விப்பட்டேன். பார்க்கப் போகவில்லை.

இன்று ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு போன் போட்டேன். அக்காவைத் தெரிந்தது, "ஐயோ பாவம்மா" என்றாள். மினியை ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

"எந்த மினி?"

மூன்றரைக்குப் புதுவாயலில் பஸ் இறங்கி, அக்கா வீட்டுத் தெருமுனை வரை போனேன். அதற்கு மேல் போகவில்லை. மேளம் மட்டும் கேட்டது.

அங்கே நின்றே கும்பிட்டேன் அக்கா. போய் வாருங்கள்.