தேயிலைப் பெட்டிப் படகு

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் குளத்தில் இரண்டு படகுகள் மிதக்கின்றன. பொத்துவில் கடலுக்கு நான் கொண்டுபோகும், மடிக்கக்கூடிய ஒடுங்கிய கன்வஸ் படகு சும்மாவே ஆடுகிறது. தேயிலை அடைக்கும் மரப்பெட்டிகளைச் செய்யும் ராமையா பெட்டிப் பலகையிலேயே செய்த அகலப் படகு மேசைபோல் நிற்கிறது.

"கடலுக்கு இதைக் கொண்டு போங்கய்யா. ஆடவே ஆடாது," என்கிறார், அதில் உட்கார்ந்தபடி.

"அலை சாய்க்குமே. ஒரு பக்கமா சாஞ்சு காட்டுங்க."

சாய்கிறார். ஓரம் தண்ணீருக்குள் போனதும் படகு சட்டென்று கவிழ்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து சிரிக்கிறார்.

நான் என் படகில் ஏறி, விளிம்பு நனையச் சாய்கிறேன். அது நடுங்குகிறது, ஆனால் கவிழவில்லை. நான் நிமிர, கூடவே நிமிர்கிறது.

"சரிங்க, கடலுக்கு உங்களதுதான். ஆனா அதுல நின்னுக்கிட்டு இந்தக் குளத்துல தூண்டில் போட முடியுமா?"

முடியாது. ஆடும் என் படகை மடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு, பொத்துவிலுக்குப் போக மொனராகலை பஸ்ஸுக்கு நடக்கிறேன்.