பம்பு வயரில் எரிந்த சீரியல் பல்பு

சங்ககிரியில் சொந்த லாரி ஓட்டுகிறேன். இன்ஜின் பக்கம் இடமில்லாததால், மெக்கானிக்கான என் மச்சான், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவை கேபினுக்குப் பின்னால் தாழ்வாக மாட்டியிருந்தார். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சற்றுத் தாமதித்துத்தான் இழுக்கும்.

"டர்போவுக்கு வந்த ஆயில் தானா மேல ஏறாதுங்க மாப்ள. இந்தக் குட்டிப் பம்புதான் இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பணும்" என்று சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜையன்று சாமி படத்துக்கு சீரியல் பல்பு போட, அந்தப் பம்பின் வயரையே பிடுங்கிப் பல்புக்கு இணைத்தேன்.

பூஜை முடியும்வரை இன்ஜின் ஓடியது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். முன்னால் ஆரத்தித் தட்டோடு மனைவி. கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். இழுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். திடீரென்று இன்ஜின் அலறியது. டர்போவில் தேங்கிய ஆயிலைக் குடித்துத் தானாகவே வெறிபிடித்து ஓடியது. சாவியைத் திருகியும் அணையவில்லை, கியரும் கழலவில்லை. புகையில் மனைவியைக் காணோம். கிளட்சை விடாமல் மிதித்திருந்தேன். கால் வழுக்கினால் அவள் மேல் வண்டி ஏறிவிடும்.

பூஜைக்கு வந்திருந்த மச்சான் ஏர் ஃபில்டரைப் பிய்த்தெறிந்து, காற்று இழுக்கும் வாயில் பூஜை மணைப்பலகையை அறைந்து அழுத்தினார். வண்டி உலுக்கி, உதறி, நின்றது.

இறங்கியதும் கன்னத்தில் விழுந்தது அறை.

"என்ற பொறந்தவள நசுக்கப் பாத்தீங்களே மாப்ள!"

யாரிடமும் அடிவாங்காத நான் கை ஓங்கவில்லை.

இப்போது பம்பு அதிர்வதைத் தொட்டுப் பார்த்தே வண்டியை எடுக்கிறேன். பூஜையில் முதல் பொட்டும் அதற்குத்தான். ஆனாலும் மனைவி பக்கவாட்டில் நின்றுதான் ஆரத்தி எடுக்கிறாள்.