ரிப்பேருக்குக் கொடுத்த சாவி

2004 மழைக்காலத்தில் மாடம்பாக்கம் வாடகை வீட்டில் குளியலறைக் கூரை ஒழுகியது. நானும் மனைவியும் வேலைக்குப் போவதால், கொத்தனாருக்குக் கதவைத் திறந்துவிடும்படி கீழ்வீட்டில் இருந்த உரிமையாளரிடம் மாற்றுச் சாவியைக் கொடுத்தேன். வேலை முடிந்தபின் திரும்பக் கேட்கவில்லை.

தை மாதம் ஒரு பகலில் மனைவி காய்ச்சலோடு தனியாகப் படுத்திருந்தாள். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டு, திருடன் என்று அலறிவிட்டாள். வந்தவர் உரிமையாளர். எங்களுக்கு மேலே புதிதாகக் கட்டும் போர்ஷனுக்கு மாதிரியாக எங்கள் வீட்டைக் காட்ட, வாடகைக்கு வரவிருந்த ஒரு குடும்பத்தையே கூட்டி வந்திருந்தார்.

மாலையில் போய்க் கேட்டேன்.

"என் வீட்டுக்குள்ள வர நான் பெல் அடிக்கணுமா சார்? சாவி நீங்கதானே குடுத்தீங்க?"

"ஒழுகுதுன்னு குடுத்தேன் சார்."

"அதான் இப்ப ஒழுகலையே."

பேசிப் பயனில்லை. மறுநாளே பூட்டை மாற்றினேன். இப்போது எந்த ரிப்பேர் என்றாலும் அரை நாள் லீவு போட்டு நானே வீட்டில் இருக்கிறேன். மனைவி மட்டும் பகலிலும் உள்தாழ்ப்பாள் போடாமல் படுப்பதில்லை.