ரூபியின் காது

தந்தி வந்தபோது குழந்தைராஜ் பட்டாளத்து நாய் ரூபிக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். பாகிஸ்தானோடு நடந்த போர் ஓய்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பஞ்சாப் எல்லையில் கோதுமை வயல்களுக்கு நடுவே இன்னும் கூடாரங்கள் பிரிக்கப்படவில்லை.

"வீட்டைப் பிரிக்கப் பார்க்கிறார்கள். தாசில்தார் விசாரணை இருபத்திரண்டாம் தேதி. உடனே வரவும். அமலோற்பவம்."

அவன் மனைவிக்கு எழுதத் தெரியாது. விவசாயச் சங்கத்துத் துரைராசுதான் எழுதிக் கொடுத்திருப்பான்.

விஷயம் அவனுக்குப் புரிந்தது. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, பண்ணைக்குச் சொந்தமான மனையில்தான் அவன் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் குடிசை நின்றது. பண்ணை வயலில் வேலைக்குப் போகிறவரை குடியிருக்கலாம். கூலியைக் கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதுதான் காலங்காலமாக நடந்தது. இப்போது சர்க்கார் சட்டம் போட்டுவிட்டது: குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம். சட்டம் வந்த வேகத்தில் பண்ணையார்கள் குடிசைகளைக் காலி செய்யவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆள் இல்லாத மனைக்குப் பட்டா கிடையாதே. குழந்தைராஜ் பட்டாளத்தில் இருந்தான். அது போதும் அவர்களுக்கு.

லீவு கேட்டான். அன்று மாலையே பதினைந்து நாள் லீவு கையெழுத்தாகி வந்தது. "நாளைக்கே புறப்படு. உன் நாயை வேறு ஆள் பார்த்துக்கொள்வான்" என்றார் சுபேதார்.

ரூபிக்குக் காது கேட்காது. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சீனாக்காரனோடு சண்டை நடந்ததற்கு மறுவருஷம் பட்டாளத்தில் சேர்ந்தவன் அவன். மீரட்டில் நாய் பழக்கும் பள்ளிக்கு அனுப்பினார்கள். சொந்த ஊரில் நிமிர்ந்து பேச முடியாத குரலுக்கு அங்கே நாய்கள் கட்டுப்பட்டன. ரூபி ஆறு மாதக் குட்டியாக அவன் கைக்கு வந்தது. கிழக்கு மலைக்காடுகளில் மழை ஈரத்திலும் மோப்பம் பிடித்து, மறைந்திருந்த கிளர்ச்சிக்காரர்களின் தடத்தைக் காட்டிக் கொடுத்தது. வெடிமருந்துக் கிடங்கில் காவல் இருந்தது. போர் மூண்டதும் ரோந்துப் படைக்கு முன்னால் நடந்தது. டிசம்பர் மாதம், பனி மூடிய ஒரு விடியலில், வரப்பு ஒன்றின் முன்னால் நின்று நகர மறுத்தது. குழந்தைராஜ் கயிற்றை இழுத்தும் அசையவில்லை. கம்பியால் குத்திப் பார்த்தபோது மண்ணுக்கடியில் கண்ணிவெடி இருந்தது. பின்னால் பதினோரு பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் அன்றைக்குத் தங்கள் பங்கு இறைச்சியில் ஒரு துண்டை ரூபிக்குக் கொடுத்தார்கள்.

மூன்று நாள் கழித்துப் பதுங்குகுழிக்கு அருகில் குண்டு விழுந்தது. புகை அடங்கியபின் ரூபி எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. ஒரு கீறல் இல்லை. ஆனால் அவன் கூப்பிட்டும் திரும்பவில்லை. தகரத்தைத் தட்டினான். அது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

வேலைக்கு ஆகாத நாயைப் பட்டாளத்தில் வைத்திருக்க மாட்டார்கள். ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அதனால் வாயால் கட்டளையிட்டுக்கொண்டே கையாலும் ஜாடை காட்டினான். உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்கார வேண்டும். விரலைத் தரையை நோக்கி நீட்டினால் படுக்க வேண்டும். தொடையில் தட்டினால் வர வேண்டும். பத்தே நாளில் ரூபி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வேறு ஆள் கையில் கொடுத்தால் அரை நாளில் வெளிப்பட்டுவிடும்.

பதினெட்டாம் தேதி நாய்களுக்கெல்லாம் மருத்துவப் பரிசோதனை என்று உத்தரவு வந்திருந்தது. குழந்தைராஜ் விரல் விட்டு எண்ணினான். பரிசோதனையில் ரூபியைத் தேறவைத்து, டாக்டரின் கையெழுத்தை வாங்கிவிட்டு அன்று மத்தியானமே ரயில் ஏறினால், டெல்லி, சென்னை, மாயவரம் என்று மாறி இருபத்திரண்டு காலையில் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு ரயில் கூடத் தவறக் கூடாது. லீவைத் தள்ளிப் போட்டான். 'வருகிறேன்' என்று பதில் தந்தி கொடுத்தான்.

பதினெட்டாம் தேதி டாக்டர் வரவில்லை. ஜீப் பழுது என்றார்கள். பத்தொன்பதாம் தேதியும் வரவில்லை. அன்று பகல் முழுக்க அவன் கூடாரத்துக்கும் சாலைக்கும் நடந்துகொண்டிருந்தான். இப்போதே கிளம்பினாலும் விசாரணைக்குப் போய்ச் சேர முடியாது. தங்கினாலும் நாய் பிழைக்கும் என்று உறுதியில்லை. மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. எதைக் கேட்பது என்று தெரியாமல் அதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை.

இருபதாம் தேதி டாக்டர் வந்தார். மேஜர், நல்ல மனிதர் என்று பெயர். ஐந்து நாய்கள் வரிசையில் நின்றன. ரூபி உட்கார்ந்தது, படுத்தது, தடை தாண்டியது, புதைத்து வைத்த துணியைத் தோண்டி எடுத்தது. டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அப்போது நாய்களுக்குப் பின்னால் நின்ற சிப்பாய் ஒரு தகர மூடியைக் கல்லில் போட்டான்.

நான்கு நாய்களும் துள்ளித் திரும்பின. ரூபி மட்டும் குழந்தைராஜின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் பேனாவை மூடினார். "எத்தனை நாளாக?"

"இரண்டு மாசம், சாப்."

"இரண்டு மாதமும் மறைத்தாயா?"

"சாப், இதை நான் எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். சர்க்காருக்கு ஒரு செலவும் வேண்டாம். எழுதிக் கொடுக்கறேன்." அவனுக்குத் தெரிந்த இந்தியெல்லாம் அந்த நேரத்தில் கைவிட்டது. பாதி தமிழில் கெஞ்சினான். மண்டியிட்டுவிட்டான்.

"எழுந்திரு. பட்டாளத்தில் பழகிய நாயை வெளியே கொடுக்க விதி இல்லை. விதியை நான் எழுதவில்லை" என்றார் டாக்டர். அவர் குரலும் தணிந்துதான் இருந்தது.

மறுநாள் காலை குழந்தைராஜே ரூபியைக் கூட்டிக்கொண்டு போனான். வேறு ஆள் வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. உள்ளங்கையைத் தாழ்த்தினான், ரூபி உட்கார்ந்தது. விரலைத் தரைக்கு நீட்டினான், படுத்தது. வழக்கமாக அதற்குப் பிறகு ஒரு துண்டு ரொட்டி கிடைக்கும். அதை எதிர்பார்த்து அவன் கையைப் பார்த்தது. ரொட்டியைக் கொடுத்தான். டாக்டர் பின்னாலிருந்து வந்தார். ஊசி இறங்கியபோது ரூபியின் தலை அவன் மடியில் இருந்தது.

அவன் ஊர் போய்ச் சேர்ந்தது இருபத்தைந்தாம் தேதி.

கூரை இல்லை. மண்சுவர் இரண்டு பக்கம் இடிந்திருந்தது. நடுவில் மூன்று கல் அடுப்பில் கஞ்சி கொதித்தது. அமலோற்பவம் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். மூங்கிலில் கட்டிய சேலைக்கு அடியில் மூன்று வயது மகள் சவரியம்மாள் சுருண்டு படுத்து இருமிக்கொண்டிருந்தாள்.

நடந்ததைத் துரைராசுதான் சொன்னான். "பதினஞ்சாம் தேதி பண்ணைக் காரியஸ்தர் எட்டு ஆளோட வந்தாரு அண்ணே. கூரையப் பிரிச்சாங்க. அண்ணி உள்ளேயே உக்காந்துட்டாங்க. கடப்பாரையால செவுத்த இடிச்சாங்க. மண்ணு தலையில விழுது, அப்பவும் நகரல. பத்து நாளா இந்த எடத்த விட்டு நகரல, விசாரணைக்குப் போனது தவிர. அப்பவும் எங்க அம்மாவ இங்க உக்கார வச்சுட்டுத்தான் வந்தாங்க."

"விசாரணை என்ன ஆச்சு?"

"காரியஸ்தர் எந்திரிச்சு, 'குடியிருக்கறவன்னா வந்திருக்கணுமே, எங்க ஆளக் காணோம்?'னு கேட்டாரு. சிரிச்சாங்க. ஆள அனுப்பிப் பாத்துட்டு முடிவு பண்றேன்னு தாசில்தார் சொல்லிட்டாரு. நேத்திக்கி வருவாய் ஆய்வாளர் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு."

துரைராசு போனபின் அமலோற்பவம் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"தந்தி கெடைக்கலையா?"

"கெடச்சுது."

"லீவு குடுக்கலையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தெருவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

"குடுத்தாங்க. அன்னிக்கே குடுத்தாங்க. நாய்க்கு ஆபத்து, அமலி. நான் வந்தா அதக் கொன்னுடுவாங்கன்னு இருந்துட்டேன்."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"நாய்க்கா?"

"எங்க உசுரக் காப்பாத்துன நாய்."

"பொழச்சுதா?"

"இல்ல."

மகளை எடுத்து மடியில் போட்டு முதுகைத் தடவினாள். "பத்து நாளா பனியில கெடக்குது" என்றாள். அதற்குப் பிறகு லீவு முடியும்வரை அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மூங்கில் வெட்டி, கீற்று வாங்கிக் கூரை போட்டான். சுவரைக் குழைத்து எழுப்பினான். சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள்.

கூரை இல்லாத இடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததை ஆய்வாளர் பார்த்து எழுதியிருந்தார். ஆடி மாதம் பட்டா வந்தது. குடியிருப்பவர் பெயர் அமலோற்பவம் என்று இருந்தது. குழந்தைராஜின் பெயர், இன்னார் மனைவி என்ற இடத்தில் மட்டும்.

பட்டாளத்துக்குத் திரும்பியவனுக்குப் புதுக் குட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். வாங்க மறுத்தான். தண்டனையாகக் கிடங்கில் மூட்டை அடுக்க அனுப்பினார்கள். பென்ஷன் வரும்வரை அங்கேயே இருந்தான்.

ஊரோடு வந்து தங்கியபின், நடவு வேலையில் மத்தியானம் வரப்பில் உட்காரும்போது ஆட்கள் அவனைச் சுற்றிக்கொள்வார்கள். "நாய் சண்டையில என்னதாங்க பண்ணும்?" என்று கேட்பார்கள். சொல்லுவான். மோப்பம் பிடிப்பது, கிடங்கு காப்பது, புதைத்த வெடியைக் கண்டுபிடிப்பது. வெள்ளைக்காரன் படையில் டெலிபோன் கம்பிச் சுருளை முதுகில் கட்டி, குண்டு விழும் வெளியில் ஓடவிடுவார்களாம், அதையும் சொல்லுவான். ஒருநாள் பூவம்மாள் என்ற பெண், "வயசானா அதுங்கள என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். குழந்தைராஜ் எழுந்து வாய்க்காலுக்குப் போய்விட்டான்.

அமலோற்பவம் பின்னாலேயே வந்தாள். கால் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்த நாய்க்குப் பேரு என்ன?"

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அதைக் கேட்டாள்.

"ரூபி."

"சாவும்போது நீங்க கூட இருந்தீங்களா?"

"எம் மடியிலதான்."

அவள் மற்றக் காலையும் கழுவினாள்.

"அதுக்காச்சும் இருந்தீங்களே" என்றாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்றுமுடி கிடந்த பக்கம் நடந்தாள்.