கழுவினால் போகும் பாலிமர்

நான் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். நெய்வேலிச் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட் பிரிவில் சேர்ந்து, அதன் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றேன். நிலக்கரியை மேலே ஏற்றிவரும் அந்த ரப்பர் பெல்ட், ஒரு கட்டிலின் நீளத்திற்கு அகலமானது. அது அறுந்தால் வேலை நிற்கும். அறுந்த முனைகளைப் படிப்படியாகச் சீவி, நடுவில் இன்னும் பதப்படுத்தாத பச்சை ரப்பரை வைத்து, சூடான தகடுகளுக்கிடையே அழுத்தி ஒன்றாக்குவோம். வைத்த ரப்பர் பெல்ட்டோடு பெல்ட்டாகிவிடும். பிறகு எவராலும் பிரிக்க இயலாது. நான் முன்னின்று போட்ட இணைப்பு விட்டுப்போனது என்று யாரும் சொன்னதில்லை. ஓய்வுக்குப் பின்னும், பாலிமர் தொடர்பாக நகரியத்தில் எழும் ஐயங்களெல்லாம் என்னிடமே வந்தன.

என் மகள் கோயம்புத்தூரில் நெல்லின் மரபணுக்களை ஆராய்கிறாள். பிளாஸ்டிக் அரிசி வந்துவிட்டதென்று கைபேசிகளில் படங்கள் சுற்றிக்கொண்டிருந்த ஆண்டில், விடுமுறைக்கு வந்திருந்தாள். எங்கள் ஓய்வுபெற்றோர் மன்றத்தில் அவளைப் பேச அழைத்தார்கள். தலைமை வகித்தவன் நான். ஒலிபெருக்கி என்னிடம் இருந்தது. அவள் படித்த பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையும் வந்திருந்தார். அடுத்த திங்களன்று மேல்வகுப்பு மாணவிகளிடம் பேச அவளை அவர் அழைத்திருந்தார். அந்தப் பேச்சைத்தான் அவள் பெரிதாக மதித்தாள். அதற்காகப் படங்கள்கூட வரைந்து வைத்திருந்தாள்.

மன்றத்தில் நன்றாகவே தொடங்கினாள். நெல்லின் செல்லைச் சுற்றியுள்ள சுவரைக் கரைத்துவிட்டு, ஒரு பாலிமர் கரைசலைச் சேர்த்தால், அதன் உதவியால் புதிய மரபணு செல்லுக்குள் நுழையும் என்றாள். பாலிமர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இடைமறித்து, பெல்ட் இணைப்பை விளக்கினேன். பச்சை ரப்பர் இரு முனைகளையும் இணைப்பதுபோல, இந்தப் பாலிமர் மரபணுவையும் செடியையும் இணைத்து அங்கேயே நிலைத்துவிடும் என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

கம்மாபுரத்திலிருந்து வேலைக்கு வந்து ஓய்வுபெற்ற ஆப்பரேட்டர் ஒருவர் எழுந்தார்.

“அப்ப நாம துன்ற சோத்துல ரப்பர் இருக்கும்னு சொல்றீங்களா சார்?”

“வயித்துல ஜாயின்ட் வுட்டுப்போச்சுன்னா சாரையே கூப்பிட்டுக்கலாம்யா!” என்றது பின்வரிசை. மன்றமே சிரித்தது.

“அப்படியெல்லாம் இல்லைங்க. மரபணு உள்ள போனதும் அந்தப் பாலிமரைக் கழுவி எடுத்துடுவோம். அப்பா சொல்றது ரப்பர். இது வேற, தண்ணியிலயே கரைஞ்சுடும்” என்றாள் மகள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். “பாலிமர் என் துறை. கழுவினால் போகிற பொருளல்ல அது” என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரோ நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

வீட்டிற்கு வந்ததும் என் கண் சொட்டு மருந்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“தினமும் கண்ணுல விட்டுக்கிறீங்களேப்பா, இதுல இருக்கிறதும் அதே பாலிமர்தான். இத்தனை நாள்ல கண்ணு ஒட்டிக்கிச்சா?”

அவள் சொன்ன பாலிமரான பாலிஎத்திலீன் கிளைக்கால் நீரில் கரையும் என்பது கல்லூரியில் நானே படித்துத் தேர்வெழுதிய பாடம். பெல்ட்டுக்கிடையே வாழ்ந்து, பாலிமர் என்றாலே ஒட்டிக்கொண்டு பிரியாத பொருளென்று பழகிப்போயிருந்தேன்.

ஞாயிறன்று தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். அரிசியில பிளாஸ்டிக் கலக்கிற ஆராய்ச்சியாமேன்னு பேரண்ட்ஸ் கேக்குறாங்க. அதுவும் நீங்களே சொன்னதா சொல்றாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாமே.” நான் சொன்னது பிழையென்று அப்போதே சொல்லியிருந்தால் போதும். “உங்கள் விருப்பம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். மகள் படங்களைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, திங்களன்று காலைப் பேருந்தில் கிளம்பிப் போனாள்.

அதன்பின் நடைப்பயிற்சியிலும் தேநீர்க் கடையிலும் பழைய சகாக்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். “என்னதான் படிச்சிருந்தாலும், பெத்த அப்பனை நாலு பேர் முன்னால மட்டம் தட்டலாமா சார்?” அந்த ஆறுதல் எனக்கு இதமாகவே இருந்தது. மறுத்துப் பேசாமல் தேநீரைக் குடித்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. நான் வாய் திறக்காததால், மகள் அப்பாவை மட்டம் தட்டினாள் என்பதே ஊரில் நிலைத்த செய்தியாகிவிட்டது. அவள் இப்போது விடுமுறைக்கு வந்தாலும் மன்றத்தின் பக்கம் போவதில்லை.

ஆகவே எழுதுகிறேன். என் மகள் என்னை மட்டம் தட்டவில்லை. அந்தப் பாலிமர் நீரில் கரையும், வேலை முடிந்ததும் கழுவி அகற்றப்படும், நெல்லில் தங்காது. அவள் சொன்னது சரி. நான் சொன்னது தவறு.