தெரேசம்மாவின் ஆறு ஆணிகள்

2007 பெப்ரவரியில் தெரேசம்மாவுக்கு வயது அறுபத்திரண்டு. முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் ஆறு திருகாணிகள். வழுக்கிப்போய் நரம்பை நெரித்த எலும்பை அந்த ஆணிகளாலும் இரண்டு கம்பிகளாலும் கொழும்பில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். மூன்று வருடமாகச் சுவரைப் பிடித்தே நடந்தவர், யட்டியாந்தோட்டையில் பஸ்ஸை விட்டு யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். போதும், இனிச் சாகும்வரை இப்படி நடந்தால் போதும் என்றிருந்தது.

விடியற்காலைத் தூக்கத்தில் ஒரே கனவுதான் வந்தது. பனிக்குள் அவர் ஒரு ரப்பர் மரமாக நிற்கிறார். உடம்பில் ஆறு தகரப் பீலிகள். ஒவ்வொன்றிலிருந்தும் சிரட்டைக்குள் பால் சொட்டுகிறது, சத்தமே இல்லை. வலியும் இல்லை.

குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீடு கூட்டுவது, தண்ணீர் எடுப்பது எல்லாம் மகள் ரோஷானி பார்த்துக்கொண்டாள். மே மாதம் ரப்பர்த் தோட்டத்து மேல்மலையின் கிழட்டு மரங்களைத் தறிக்க முடிவானது. தறிப்பதற்கு முன் நீண்ட பிடிக் கத்தியால் உச்சிவரை பால் வெட்டி எடுப்பார்கள். அந்தக் கத்தி படிந்த கைகள் தோட்டத்தில் குறைவு. பல வருடம் அங்கே பால் வெட்டிய தெரேசம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

"டொக்டர் என்னம்மா சொன்னாரு?" என்றாள் ரோஷானி.

"குனியாதன்னாரு. இது உசர வெட்டுடீ. நான் வானத்தையில்ல பாத்துக்கிட்டு நிக்கப்போறேன்."

மூன்று வாரம் அண்ணாந்தே நின்றார். பனி காலடியில் கிடந்தது. வெள்ளைக் கோடு பட்டையில் இறங்கிவர, தான் மரமா, மரத்தை வெட்டுகிறவளா என்பதுகூட அவருக்கு மங்கிப்போனது. நாலாம் வாரம் இடுப்புக்குள் ஏதோ அசைந்தது. இடது கால் மரத்தது. மறுபடி சுவர்.

ஜூலை கிளினிக்கில் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். கீழ் ஆணிகள் இரண்டையும் சுற்றிக் கறுப்பாக ஒரு மெல்லிய வளையம்.

"விழுந்தீங்களா அம்மே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லீங்க," என்று சிங்களத்திலேயே சொன்னார் தெரேசம்மா. பால் வெட்டப் போனதைச் சொன்னால் இனித் தன்னைத் தொடமாட்டாரோ என்ற பயம்.

"உங்க எலும்பு உள்ளுக்குப் பஞ்சு. கம்பி வளையாது. நீங்க அசையிறதெல்லாம் ஆணியிலதான் போய் விழும்."

"கெழட்டு மரத்துல பீலி அடிச்ச மாதிரிங்க. அடிச்சன்னைக்கு இறுக்கமாத்தான் நிக்கும். தெனமும் பால் எடுக்கிற வாளி தட்டித் தட்டி ஓட்டை பெருத்துரும்."

டொக்டர் எக்ஸ்ரேயை இறக்கினார். "மத்தவங்களுக்கு இதைச் சொல்லிக்குடுக்க எனக்கு அரை மணித்தியாலம் போகுது. சரி, இங்க தட்டினது யாரு?"

தெரேசம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத கத்தியை ஒருதரம் இழுத்துக் காட்டினார்.

"குனியவே இல்லையாம், டொக்டர்," என்றாள் ரோஷானி.

டொக்டர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "குனிஞ்சாலும் அண்ணாந்தாலும் ஆணிக்கு ஒண்ணுதான் அம்மே. பெரிய ஆணியாப் போட்டு, சுத்தி எலும்புச் சீமெந்து விடலாம். அப்ப பாரம் ஆணிக்கு மேல இருக்கிற எலும்புக்குத் தாவும். கத்தியை விட்டாத்தான் அது தாங்கும். விடுவீங்களா?"

தெரேசம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார். பனிக்குள் மிதப்பதுபோல் ஆறு ஆணிகள்.

"விட்டுர்றேங்க."

கத்தி அன்று மாலையே தோட்டத்து ஸ்டோருக்குப் போனது. மேல்மலை மரங்களை ஆகஸ்டில் தறித்தார்கள். செப்டெம்பர் மூன்றாம் திகதி, திங்கட்கிழமை, தெரேசம்மாவை இரண்டாவது சத்திரசிகிச்சைக்காக வார்டில் சேர்த்தார்கள்.