கைதட்டு வாங்கிய கிழிசல்

என் தம்பியின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தகரம் என்றால்தான் தெரியும். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும் அவன் குரல். பகலெல்லாம் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுவான். சாயங்காலமானால் கிதாரை மாட்டிக்கொண்டு அவன் பாட்டுக் குழுவின் டிரம்ஸ்காரர் வீட்டு ஷெட்டுக்குப் போய்விடுவான். சத்தம் வெளியே போகாமல் இருக்க, நான் வேலை செய்யும் பேக்கரியிலிருந்து முட்டை அட்டைகளைக் கொண்டுபோய்ச் சுவரெல்லாம் ஒட்டிக் கொடுத்தேன்.

அவர்கள் பாடியது பங்க் ராக், கோபத்தைக் கத்திக் கொட்டுகிற பாட்டு. பாட்டெல்லாம் அவனே எழுதுவான். வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர், ஆளைக் குறைத்த மில் முதலாளி, எல்லாரும் அதில் வந்து வசவு வாங்கிக்கொண்டு போவார்கள்.

"இது பாட்டாடா, சண்டையா?" என்று அம்மா கேட்பாள்.

"சண்டைதாம்மா. தாளத்தோட போடுறோம், அவ்வளவுதான்."

வீட்டுக்காரரே ஒருமுறை வந்து கேட்டுவிட்டுக் கைதட்டிப் போனார். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது.

கூட்டம் பெருகியது. வெளியூர்களிலும் கூப்பிட்டார்கள். ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு அவன் குரல் இன்னும் கிழிய ஆரம்பித்தது. அது நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இப்பத்தான்டா குரல் பழுத்திருக்கு" என்று டிரம்ஸ்காரர் முதுகில் தட்டினார். குரல் உடைகிற இடத்தில் கூட்டம் விசில் அடித்தது. அந்தக் குரலிலேயே ஓர் ஆல்பமும் போட்டார்கள்.

ஒரு நாள் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். பக்கத்தில் வந்து, "அக்கா, வெந்நீர் வச்சிருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னான். கத்தாமல் பேசும்போதும் அதே கிழிசல். காய்ச்சலோடேயே எழுந்தேன். சாமியைக் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

"பாடுறவர் நீங்க. குரல் மாறினதும் முதல் ஆளா வரவேண்டாமா?" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க டாக்டர்."

தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள்.

"பாடாம இருந்து நான் என்னக்கா பண்ண?" என்றான் பஸ்ஸில்.

"நீ இரு. எனக்கு அது போதும்."

ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது, "சரிக்கா" என்றான்.

ஆபரேஷனில் குரல் போனது; கடவுள் உயிரை விட்டுவைத்தார். தினமும் நன்றி சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது.

உடம்பு தேறியதும் கிதாரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். பாட ஆளில்லாமல் டிரம்ஸ்காரரே பாடினார். சாதுவான குரல் அவருக்கு. தம்பியைப் போல வரவேண்டும் என்று தொண்டையை நெரித்து நெரித்துக் கத்தினார்.

தம்பி வாசிப்பை நிறுத்தினான். எழுந்து போய் அவர் தொண்டையில் கை வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அப்புறம் எப்படிடா அது உன் பாட்டா இருக்கும்?" என்றார் அவர்.

ஆபரேஷனில் தம்பியின் கழுத்தில் போட்ட துளை வழியே மூச்சுதான் வந்தது. திரும்பிப் போய்க் கம்பியைத் தட்டினான். டிரம்ஸ்காரர் தன் சொந்தக் குரலிலேயே பாடினார். அவ்வளவு கோபமான பாட்டு, பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி வந்தது. தம்பி தலை குனிந்தபடி, ஓரிடத்திலும் பிசகாமல் கடைசிவரை வாசித்துக் கொடுத்தான்.